லா லே குழுவின் பெத்தோ குவேவாஸ்: குழுவில் இருந்தபோதா, தனியாக வந்த பிறகா, எது அவருடைய நல்ல காலம்?

நடுநிசிவானொலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழி ராக் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அர்ஜென்டினாவில் தொடங்கி, மெக்சிகோ வழியாக இப்போது சிலியில் நிற்கிறேன். இரண்டு மாதமாக வேறு யாரையும் கேட்கவே மனம் வரவில்லை, பெத்தோ குவேவாஸ் குரல் மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1967இல் சிலியின் சாந்தியாகோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் வெனிசுவேலா போய், அங்கிருந்து கனடாவின் மொன்றியல் போய்விட்டது. இருபது வயதைத் தாண்டியபின் சிலிக்குத் திரும்பி, லா லே என்ற குழுவில் பாடகராகச் சேர்ந்தார். லா லே என்றால் 'சட்டம்'. 2001இல் கிராமி வாங்கினார்கள். 2005இல் குழு பிரிந்தது. 2008இல் முதல் தனி இசைத்தட்டு, நடுவில் சினிமா, 2012இல் மெக்சிகோ தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி நடுவர்.

என் நண்பன் ஒருவன் ஸ்பானியப் பாடல்களை என்னைவிட அதிகம் கேட்டவன். "குழு உடைந்ததோடு அவர் கதை முடிந்தது, மற்றதெல்லாம் ஒப்புக்கு" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை. ஊன்றிக் கேட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கம்பியிசை எழுதியது:

நண்பரே, உங்கள் நண்பர் சொன்னதிலும் ஒரு தவறு இருக்கிறது. லா லே முடிந்தது 2005இல் இல்லை. என்னைக் கேட்டால் 1994 ஏப்ரல் 10.

அன்றுதான் ஆந்த்ரேஸ் போபே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அந்தக் குழுவைக் கட்டியவர் அவர். கிட்டார் அவருடையது, பாடல்களின் எலும்பும் நரம்பும் அவருடையது, ஒலிப்பதிவில் எது எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். அவரும் கீபோர்டு வாசிக்கும் ரோத்ரிகோ அபோய்திஸும் சேர்ந்து 1987இல் தொடங்கினார்கள். முதலில் பாடியது ஒரு பெண். அந்தப் பெண் போன பிறகுதான் பெத்தோ வந்தார். பேஸ் கிட்டாருக்கு லூசியானோ ரோஹாஸ், டிரம்ஸுக்கு மௌரிசியோ கிளாவெரியா.

1991இல் வந்த 'டோப்ளே ஒப்புவெஸ்தோ' தட்டை ஹெட்போனில் கேளுங்கள். நான் கிட்டார் வாசிப்பவன், அதனால் எனக்கு அதுதான் முதலில் காதில் விழும். போபே ஓரிடத்தில்கூடத் தேவைக்கு மேல் ஒரு சுரம் வைக்கவில்லை. கிட்டாரும் சிந்தசைசரும் ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்கும். குரலுக்கு நடுவில் இடம் விட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பியது மாதிரி இருக்கும். அந்த இடத்தில் வந்து நின்றவர் பெத்தோ. நல்ல பாடகர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வீடு போபேயுடையது.

---

பனிக்காட்டான் எழுதியது:

நான் மொன்றியலில் இருக்கிறன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 83க்குப் பிறகு வந்தவர்கள். எங்களுக்குப் பத்து வருசம் முந்தி, 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு, சிலியில் இருந்து நிறையப் பேர் இந்த நகரத்துக்கு வந்திருந்தார்கள். நான் முதன்முதல் வேலைக்குப் போன இடத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவரும் ஒரு சிலிக்காரர்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னக் கசெட் பிளேயரில் பாட்டுப் போடுவார். "இந்தப் பெடியன் எங்கட மொன்றியலில் வளர்ந்தவன்" என்று அவர் ஒருநாள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பெத்தோவின் குடும்பம் ஏன் வந்தது என்ற கதைக்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். என் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். மூன்று மொழியிலும் சரளமாகக் கதைப்பார்கள், ஆனால் மூன்றிலும் யாராவது ஒருவர் "நீ எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவார். பெத்தோவுக்கும் ஸ்பானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் வரும். அவர் பாடும்போது சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற விதத்தைக் கவனியுங்கோ. பிறந்த ஊருக்கு விருந்தாளி மாதிரித் திரும்பிப் போனவன், அந்த மொழியில் பிழை விடக்கூடாது என்று கவனமாகப் பாடுகிற மாதிரி எனக்குக் கேட்கும். இது என் காதுக்குக் கேட்பது மட்டும்தான். ஆனால் இருபது வருசமாக அப்படித்தான் கேட்கிறது.

கம்பியிசை தம்பி, வீடு போபேயுடையது என்றீர்கள். சரி. வெளியில் இருந்து வந்த ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் போபேதானே?

---

தென்கடல் எழுதியது:

ஸ்பானிய மொழிபெயர்ப்புதான் என் வேலை. அதனால் சிலிப் பின்னணியைக் கொஞ்சம் சொல்கிறேன். அது இல்லாமல் லா லே மீது அந்த நாட்டில் அப்போது இருந்த பார்வை புரியாது.

எண்பதுகளில் சிலியின் குரல் என்றால் அது லோஸ் பிரிசியோனெரோஸ். 'கைதிகள்' என்று பொருள். சாந்தியாகோவின் சான் மிகேல் பகுதி உழைக்கும் குடும்பத்துப் பையன்கள் மூவர். 1984இல் அவர்களுடைய முதல் தட்டு வந்தபோது இராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஆட்சி நீடிக்கலாமா என்று 1988 அக்டோபர் 5இல் வாக்கெடுப்பு நடந்து, 'வேண்டாம்' என்று ஏறக்குறைய 56 சதவீதம் பேர் சொன்னார்கள். 1990 மார்ச்சில் ஆட்சி மாறியது. பெத்தோ நாடு திரும்பியது இந்தத் திருப்பத்தின் நடுவில்.

லா லே மேலே வந்தது ஆட்சி மாறிய பிறகு. நல்ல உடை, அழகான ஒளியமைப்பு, பிரிட்டிஷ் நியூவேவ் சாயல், காதலும் தோலும் மாயையும் பற்றிய பாடல்கள். கைதிகளின் கோபத்தில் வளர்ந்த ரசிகர்கள் பலருக்கு இவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். நான் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பதினேழு வருடம் மூச்சை அடக்கி வாழ்ந்த ஊரில் ஒருவன் அழகாக உடுத்திக்கொண்டு ஆசையைப் பற்றிப் பாடுவதும் ஒரு விடுதலைதான்.

1993இல் எம்டிவி லத்தீன் அமெரிக்கா தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பிய பாடல் லோஸ் பிரிசியோனெரோஸுடையது. ஆனால் அந்தக் குழு அதற்குள் கலைந்துபோயிருந்தது. அந்தத் திரைக்கென்றே பிறந்த முகம் பெத்தோவுடையது. பாடகரின் முகம் எல்லை தாண்டிப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

இனி 1994. கம்பியிசை சொன்ன தேதியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அன்று குழு முடியவில்லை. அன்றுதான் பெத்தோ தனிப் பாடகர் ஆனார். தட்டின் மேல் பெயர் லா லே என்று இருந்தாலும், கட்டியவர் போன பிறகு அந்த வீட்டுக்குள் நின்று விளக்கேற்ற வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 2008ஐத் தொடக்கமாக வைத்துப் பேசுவதால்தான் நம் கணக்கு பிசகுகிறது.

அதற்கு 1995இல் வந்த 'இன்விசிப்ளே' தட்டே சாட்சி. போபேயின் இடத்துக்கு பெத்ரோ ஃப்ருகோனே வந்துவிட்டார். அதில் 'எல் துவேலோ' என்று ஒரு பாடல். ஸ்பானியத்தில் துவேலோ என்றால் இருவர் எதிரெதிரே நின்று போடும் சண்டை. இழவுத் துக்கத்துக்கும் அதே சொல்தான். லத்தீனில் இரண்டும் வேறு வேறு சொற்கள். காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன. நம் சிலேடை மாதிரி. நண்பனை மண்ணில் வைத்த மறு வருடம் ஒரு குழு அந்தத் தலைப்பில் பாடினால், கேட்பவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார்? மொழிபெயர்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை. 'போர்' என்றால் துக்கம் போய்விடுகிறது, 'துக்கம்' என்றால் சண்டை போய்விடுகிறது.

---

கம்பியிசை எழுதியது:

தென்கடல் அக்கா, துவேலோ விஷயம் எனக்குப் புதிது. இவ்வளவு நாள் அது ஏதோ காதலர் சண்டை என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்விசிப்ளேதான் அவர்களை மெக்சிகோ முழுக்கக் கொண்டுபோனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். 1998இல் 'வெர்திகோ' வந்தது. எலக்ட்ரானிக் பக்கம் துணிந்து போன தட்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு அபோய்திஸும் ரோஹாஸும் விலகிப் போய் சைகோ என்ற குழுவைத் தொடங்கினார்கள், தெனிஸ் மலெப்ரானைப் பாட வைத்து. அதாவது போபேயோடு தொடக்க நாளில் இருந்தவர்களில் இன்னும் இருவர் வெளியேறிவிட்டார்கள். 2000இல் 'ஊனோ' வந்தபோது பெத்தோ, ஃப்ருகோனே, கிளாவெரியா மூவர் மட்டும்தான். ஊனோ என்றால் 'ஒன்று'. கிராமி வாங்கியது இந்தத் தட்டுதான். 'அக்கீ' என்ற பாடல் எல்லா இடத்திலும் ஒலித்தது.

ஊனோ நேர்த்தியான தட்டு. ஆனால் எனக்கு அதில் கிட்டார் பின்னால் போய், குரல் முன்னால் வந்து நிற்கிறது. அக்கா சொன்ன கணக்கையே வைத்துப் பார்த்தால் அதுவும் பெத்தோவின் தனித்தட்டுதானோ என்னவோ.

---

திரைப்பித்து எழுதியது:

யாருமே சினிமாவைத் தொடவில்லையே. நான் தொடுகிறேன்.

2005இல் 'லா முஹேர் தே மி எர்மானோ' ('என் சகோதரனின் மனைவி') என்ற படம். பெருவைச் சேர்ந்த ஹைமே பைலியின் நாவலை வைத்து ரிக்கார்டோ தே மொந்த்ரெய் எடுத்தது. பார்பரா மோரி, கிறிஸ்தியன் மையர், மனோலோ கார்தோனா மூவரும் முக்கியப் பாத்திரங்கள். பெத்தோ ஒரு பாதிரியாராக வருகிறார். சின்ன வேடம்தான். கதையே மூடிய அறைகளுக்குள், வெளியில் சொல்ல முடியாத விஷயங்களைச் சுற்றி நடக்கிறது. அந்த அறைகளுக்கு வெளியே நின்று கேட்கிற ஆளாகப் பாதிரியார். மேடையில் லட்சம் கண்கள் தன்மேல் விழப் பழகியவர், இங்கே கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அது எளிதில்லை. அவர் அதை அடக்கமாகச் செய்திருக்கிறார்.

இந்தப் படத்தில் இன்னொரு சுவாரசியம். கணவனாக நடித்த கிறிஸ்தியன் மையரும் ராக் குழுவிலிருந்து வந்தவர். பெருவின் அரெனா ஹாஷ் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அது கலைந்ததும் தனியாகத் தட்டு போட்டார், பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் இறங்கி, 2007இல் ஸோரோவாகவே நடித்துவிட்டார். ஒரே படத்தில் இரண்டு ராக்காரர்கள். மையர் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு நடிப்புக்குள் முழுசாகப் போனார். பெத்தோ ஒரு கால் மட்டும் வைத்தார். நான் பெத்தோவின் பக்கம்தான், ஆனால் நடிகர் என்று பார்த்தால் மையர் போன தூரம் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை.

2007இல் 'பார்டர்லேண்ட்' என்ற ஆங்கிலப் பயங்கரப் படம். மெக்சிகோவின் மாத்தமோரோஸில் 1989இல் வெளிச்சத்துக்கு வந்த நரபலிக் கும்பல் கொலைகளைத் தழுவியது. தி லார்ட் ஆஃப் த ரிங்ஸில் சாமாக வந்த ஷான் ஆஸ்டினும் இதில் உண்டு. கும்பலின் தலைவன் பெத்தோ. எனக்கு இதில்தான் அவர் முகம் நடிப்புக்கு என்ன செய்யும் என்று தெரிந்தது. மேடையில் ஆயிரக்கணக்கானவர்களைத் தன் பக்கம் இழுக்கிற அதே பார்வை, அதே நிதானம், அதே மெல்லிய புன்னகை. எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஆனால் இங்கே அது குலை நடுங்க வைக்கிறது. ரத்தம் அதிகம் உள்ள படம், வீட்டில் குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

---

புதுக்காது எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இதுவரை இவரைக் கேட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

---

நடுநிசிவானொலி எழுதியது:

புதுக்காது, முதலில் 2001இல் வந்த எம்டிவி அன்பிளக்டு, மின்கருவிகளைக் குறைத்துப் பாடிய நேரடிப் பதிவு. நானும் அங்கிருந்துதான் உள்ளே வந்தேன். லத்தீன் கிராமியும் வாங்கிய தட்டு அது. பிறகு டோப்ளே ஒப்புவெஸ்தோ, அதற்குப் பிறகு இன்விசிப்ளே. டோப்ளே ஒப்புவெஸ்தோவில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஆஞ்சி'யையும் பாடியிருக்கிறார்கள், அறிமுகமான மெட்டில் அவர் குரலைப் பிடித்துக்கொள்ள அது உதவும்.

---

பனிக்காட்டான் எழுதியது:

அன்பிளக்டில் எல் துவேலோவைக் கட்டாயம் கேளுங்கோ. மெக்சிகோவின் எலி கெர்ரா கூடப் பாடுகிறா. வேலைத்தலத்தில் இருந்த அந்தச் சிலிக்காரர் ஓய்வுபெற்றுப் போகிற அன்று அந்த சீடீயை என் கையில் தந்துவிட்டுப் போனவர். காரில் இன்னும் இருக்கிறது.

---

தென்கடல் எழுதியது:

இனி தனித்தட்டுகள். மூல இழை கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

2003இல் 'லிபெர்தாத்', 2005இல் பிரிவு. 2008இல் பெத்தோவின் பெயரில் முதல் தட்டு வருகிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு 'மியேதோ எஸ்செனிக்கோ'. பொருள் 'மேடை பயம்'. இருபது வருடம் மேடையில் நின்ற மனிதர்! நான் அதை விளம்பரத் தந்திரமாக நினைக்கவில்லை. வேறொருவர் தொடங்கிய குழுவில் போய்ச் சேர்ந்தவர், வேறொருவர் எழுதிய பாத்திரங்களில் போய் நின்றவர், முதல்முறையாக வாசலில் தன் பெயர்ப் பலகையைத் தானே மாட்டுகிறார். பயம் வராதா? அதிலிருந்து முதலில் வெளியிட்ட பாடலின் பெயர் 'வுவெல்வோ', 'திரும்பி வருகிறேன்'. பயம் என்று தலைப்பு வைத்துவிட்டு வருகிறேன் என்று பாடத் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

தட்டு முழுக்கச் சமமாக இல்லை. சில பாடல்கள் எனக்கு மனதில் நிற்கவே இல்லை. ஆனால் குரலில் புதிதாக ஒரு தளர்வு உண்டு, நல்ல பொருளில் சொல்கிறேன். லா லேயில் அவர் எப்போதும் நிமிர்ந்து நின்று பாடுவது போல இருக்கும். இதில் உட்கார்ந்து பாடுகிறார்.

2012இல் 'திரான்ஸ்ஃபோர்மாசியோன்'. அதற்கு அடுத்த வருடம் சிறந்த பாப்/ராக் தட்டுக்கான லத்தீன் கிராமி கிடைத்தது. விருதை வைத்து இசையை அளக்க மாட்டேன். ஆனால் "கதை முடிந்தது" என்று சொன்ன நண்பரிடம் இந்த வருடத்தை மட்டும் சொல்லுங்கள்.

---

திரைப்பித்து எழுதியது:

அதே 2012இல்தான் அந்தத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி, 'லா வோஸ்' மெக்சிகோவின் இரண்டாம் பருவம். பாவுலினா ரூபியோ, ஜென்னி ரிவேரா, மிகேல் போசே, பெத்தோ நால்வரும் நடுவர்களின் சுழல் நாற்காலியில். அந்த நால்வரில் மெக்சிகோவின் வீட்டுக் கூடங்களுக்குக் குறைவாகப் பழகியவர் பெத்தோதான் என்பது என் எண்ணம். ராக் ரசிகர்களுக்குத் தெரியும், பாட்டிகளுக்குத் தெரியாது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பாட்டிகளுக்கும் தெரிந்தது.

அந்தப் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 9 அன்று, ஜென்னி ரிவேரா விமான விபத்தில் இறந்தார். சேர்ந்து உட்கார்ந்திருந்தவரின் நாற்காலி காலியானபின் அதே அரங்கில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய நிலை. போபே இறந்து பதினெட்டு வருடம் கழித்து. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு 1994தான் நினைவுக்கு வருகிறது.

---

கம்பியிசை எழுதியது:

நான் என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். போபே பற்றி எழுதியதில் ஒரு வரியையும் எடுக்க மாட்டேன். ஆனால் "முடிந்தது" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 2014இல் சிலியின் வீன்யா தெல் மார் இசை விழாவில் லா லேயாகத் திரும்பி வந்தார்கள் அல்லவா, அது ஏன் நிலைக்கவில்லை? 2016இல் 'அடாப்தாசியோன்' தட்டு, அதே வருடம் மறுபடி பிரிவு. தட்டு வந்தபோது கிளாவெரியாவும் இல்லை. பெத்தோவும் ஃப்ருகோனேயும் மட்டும். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நல்ல பாடல்கள் இருக்கின்றன, ஆனால் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பதில் சொல்லும் அந்தப் பழைய பேச்சு இல்லை.

---

தென்கடல் எழுதியது:

தம்பி, அதற்கான பதில் நீங்களே சொன்னதுதான். ஊனோவிலேயே குரல் முன்னால் வந்துவிட்டது என்றீர்கள். பதினான்கு வருடம் கழித்து அதே பெயர்ப் பலகையை எடுத்து மாட்டினால் உள்ளே இருப்பவர் மாறாமலா இருப்பார்? நடுவில் அவர் தன் பெயரில் இரண்டு தட்டு போட்டுவிட்டார், ஒன்றுக்கு விருதும் வந்துவிட்டது. பலருடைய முடிவு சேர்ந்து ஒரு பாட்டாகும் வேலைக்குத் திரும்புவது கடினம்.

ஆனால் வீன்யா மேடைக்கு அவர்கள் வந்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். சிலியில் ஒரு பாடகருக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. அங்கே கூட்டத்தை 'மொன்ஸ்த்ருவோ', அதாவது 'மிருகம்' என்றே அழைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஊளையிட்டு மேடையை விட்டே இறக்கிவிடும். ஒரு காலத்தில் தன்னைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று சொன்ன நாட்டில், வெளிநாட்டில் வளர்ந்த பையன் அந்த மிருகத்தின் முன் போய் நின்று பாடினான். இந்தப் பயணத்தில் எனக்கு அது முக்கியமான இரவு.

---

பனிக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிச்சுவிட்டு அந்த வீன்யா நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தேன். என் மகளும் வந்து பக்கத்தில் இருந்து பார்த்தவள். "அப்பா, இவர் இங்கேயா வளர்ந்தவர்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கடைசி மட்டும் எழும்பவே இல்லை.

---

நடுநிசிவானொலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நண்பனிடம் எதைச் சொல்வது என்று இப்போது தெரிகிறது. 2013 விருதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் எல் துவேலோவைப் போட்டுக் காட்டப் போகிறேன்.

நேற்று இரவு 1995 பதிவையும் 2001 பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். முதலாவதில் அவர் தனியாகப் பாடுகிறார். இரண்டாவதில் எலி கெர்ராவின் குரல் நுழைந்ததும் பாட்டு எதிரெதிரே இருவர் நிற்கிற பாட்டாகிவிடுகிறது. தென்கடல் அக்கா, தமிழில் ஒரே சொல் கிடைக்கவில்லை என்றீர்களே, முதல் பதிவுக்குத் துக்கம் என்றும் இரண்டாவதற்குச் சண்டை என்றும் இரண்டு முறை மொழிபெயர்த்தால் என்ன? நீங்கள் எழுதினால் இங்கேயே போடுங்கள், காத்திருக்கிறேன்.

---

தென்கடல் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். முதலில் 1995.